ஜோங்கா ஜீப்: தோனி வாங்கிய ராணுவ வண்டியின் 6 சிலிண்டர் இன்ஜின் எப்படி? என்னென்ன பிரச்சினை வரும்?

நீளமான பானெட், தட்டையான மட்கார்டு, ஓட்டும்போது அடிவயிற்றில் இருந்து வருவது போன்ற கனமான சத்தம். 2019-ல் கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி ராஞ்சியில் ஒரு பழைய ராணுவ வண்டியை ஓட்டிச் சென்ற படங்கள் வெளியானபோது, 'தல' ரசிகர்கள் முதலில் கேட்ட கேள்வி: "இது என்ன வண்டி?"

அதன் பெயர் ஜோங்கா. ராணுவத்துக்காக இந்தியாவில் தயாரானாலும் அதன் இதயம் ஜப்பானுடையது. நிசான் நிறுவனத்தின் 4 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

சேலம் அம்மாபேட்டையில் தொடங்கி சங்ககிரி, நாமக்கல் வரைக்கும் 'ஆறு சிலிண்டர்' என்று சொன்னாலே நினைவுக்கு வருவது லாரிதான். டாடா, லேலண்டு டீசல் இன்ஜின்களை கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனால் ஆறு சிலிண்டர் 'பெட்ரோல்' இன்ஜின் இந்தப் பக்கம் அபூர்வம். அதனால்தான் ஒரு பழைய ஜோங்கா கைக்கு வந்தால், "ஹீட் ஆகுது, பெட்ரோல் குடிக்குது, இன்ஜினை தூக்கிட்டு டீசல் போட்டுடலாம்" என்ற யோசனை சீக்கிரமே வந்துவிடுகிறது.

அப்படிச் செய்யலாமா? அந்த இன்ஜினில் உண்மையிலேயே கோளாறு இருக்கிறதா, இல்லை பராமரிப்பில்தான் கோளாறா? விரிவாகப் பார்க்கலாம்.

ஜோங்கா என்றால் என்ன?

ஜபல்பூரில் ராணுவத் தளவாடங்கள் தயாரித்த அமைப்பின் ஆங்கிலப் பெயரில் இருந்து எடுத்த முதலெழுத்துக்களின் சேர்க்கைதான் 'ஜோங்கா'. அடிப்படையில் இது ஜப்பானின் நிசான் பேட்ரோல் 60 வரிசை ஜீப். அதைத் தயாரிக்கும் உரிமையை 1960-களில் இந்தியா வாங்கியது. மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை, சுமார் 30 ஆண்டுகள் இது தயாரானது.

ராணுவத்தில் இந்த வண்டி பார்க்காத வேலை இல்லை. அதிகாரிகளை ஏற்றிச் சென்றது, ரோந்து போனது, ஆம்புலன்சாக ஓடியது, டாங்கிகளை அடிக்கும் துப்பாக்கியைச் சுமந்தது. இதே குடும்பத்தில் 'நிசான் ஒன் டன்' என்ற சின்ன லாரியும் ராணுவத்தில் இருந்தது.

பிறகு மாருதி ஜிப்சி, மஹிந்திரா ஜீப்புகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ராணுவம் கழித்துவிட்ட ஜோங்காக்கள் ஏலத்தில் போய், கைமாறி கைமாறி, பழைய ஜீப் பிரியர்களிடம் வந்து சேர்ந்தன.

இன்ஜின் விவரம்: ஒரே பார்வையில்

- பெயர்: நிசான் 'பி' வரிசை இன்ஜின்
- அமைப்பு: ஒரே வரிசையில் 6 சிலிண்டர் (இன்லைன் சிக்ஸ்)
- கொள்ளளவு: 3,956 சிசி
- சிலிண்டர் விட்டம் (போர்): 85.7 மி.மீ.
- பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்): 114.3 மி.மீ.
- வால்வு: ஹெட்டில் இருக்கும், புஷ் ராடு, ராக்கர் ஆர்ம் மூலம் இயங்கும்
- எரிபொருள்: பெட்ரோல், கார்புரேட்டர்
- சக்தி: ஜோங்காவில் சுமார் 110 குதிரைத்திறன்
- சிலிண்டர்கள் எரியும் வரிசை: 1-5-3-6-2-4

இந்த எண்களை நமக்குத் தெரிந்த வண்டிகளோடு ஒப்பிட்டால் அளவு புரியும். மாருதி 800-ன் மொத்த இன்ஜினே 796 சிசிதான். ஜோங்காவின் ஒரே ஒரு சிலிண்டர் சுமார் 659 சிசி. பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின் 1,489 சிசி. அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

அப்படியென்றால் 110 குதிரைத்திறன் குறைவாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். இன்றைய 1.5 லிட்டர் கார்களே அந்த அளவைத் தொடுகின்றன. ஆனால் இந்த இன்ஜின் வேகத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. குறைந்த சுற்றிலேயே பாரத்தை இழுக்க வேண்டும், மணலிலும் சேற்றிலும் நின்றுவிடாமல் நகர வேண்டும், எங்கே நின்றாலும் சாதாரண ஸ்பேனர்களை வைத்தே சரிசெய்ய முடிய வேண்டும். இதுதான் அதன் நோக்கம்.

இன்லைன் சிக்ஸ்: ஏன் இவ்வளவு ஸ்மூத்?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது ஒரு அதிர்வு மிச்சமாக நிற்கும். கியர் லீவரில் கை வைத்தால் அது தெரியும். அதைக் குறைக்கத்தான் பல பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் தனியாக பேலன்ஸ் ஷாஃப்ட் வைக்கிறார்கள்.

ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்தால் கதை மாறுகிறது. முதல் மூன்று பிஸ்டன்கள் உண்டாக்கும் அசைவை கடைசி மூன்று பிஸ்டன்கள் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல எதிர்த்துச் சமன்செய்துவிடும். கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வொரு 120 டிகிரி திரும்பும்போதும் ஒரு சிலிண்டர் எரிகிறது. ஒன்றின் உந்துதல் முழுசாக ஓய்வதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும். அதனால் ஐடிலில் நின்றாலும் இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி.

ஒரு முக்கியமான விஷயம் இதில் இருக்கிறது. நன்றாக இருக்கும் இன்லைன் சிக்ஸ் குலுங்கவே குலுங்காது. ஜோங்கா ஐடிலில் உதறுகிறது என்றால் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை, அல்லது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

சுப்ரா, ஸ்கைலைன் இன்ஜினும் இதுவும் ஒண்ணா?

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படம் பார்த்தவர்களுக்கு ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா நினைவிருக்கும். அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 2ஜேஇசட் இன்ஜினும் ஜப்பானின் இன்லைன் சிக்ஸ்தான். 2,997 சிசி, போரும் ஸ்ட்ரோக்கும் ஒரே அளவு, 86 மி.மீ. நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் வந்த ஆர்பி26 இன்ஜின் 2,568 சிசி. ஸ்ட்ரோக் வெறும் 73.7 மி.மீ.

சிலிண்டர் வரிசை ஒன்றுதான், ஆனால் குணம் வேறு. அவை டர்போ பொருத்தி, அதிக சுற்றில் பாயும் ஓட்டக்காரர்கள். ஜோங்காவின் இன்ஜின் மூட்டை தூக்குபவர்.

ஏன் என்பதை ஒரு சின்ன கணக்கில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஸ்கைலைன் இன்ஜினின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 7.4 மீட்டர் வேகத்தில் நகரும். அதே 3,000 சுற்றில் ஜோங்கா பிஸ்டன் நொடிக்கு 11.4 மீட்டர் நகர வேண்டும். ஸ்ட்ரோக் நீளம் என்பதால் வேறு வழி இல்லை. பைபாஸில் கார்களோடு போட்டி போட்டு இதை விரட்டினால் ரிங்கும் பேரிங்கும்தான் முதலில் அடிவாங்கும். நிதானமாக, மேல் கியரில், குறைந்த சுற்றில் ஓட்டினால் நீண்ட நாள் உழைக்கும்.

மைலேஜ் எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு ஜோங்கா வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் பதில்: லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்.

சேலத்தில் இருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். இந்தக் கணக்குப்படி ஒருவழிக்கு மட்டும் 68 முதல் 85 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 6,800 முதல் 8,500 ரூபாய் வரை போய்விடும். ஆகவே தினசரி ஓட்டத்துக்கு இது சரிப்பட்டு வராது. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுப்பதற்கான வண்டி என்ற தெளிவோடுதான் வாங்க வேண்டும்.

அதே நேரம் லிட்டருக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் கொடுக்கிறது, பின்னால் கறுப்புப் புகை தள்ளுகிறது என்றால் அது வண்டியின் இயல்பு இல்லை. கார்புரேட்டரோ, பற்றவைக்கும் நேரமோ சரியில்லை என்று பொருள்.

அடிக்கடி வரும் பிரச்சினைகள் என்னென்ன?

1. ஹீட் ஆவது

முதல் புகார் இதுதான். அம்மாபேட்டையில் இருந்து கிளம்பி ஏற்காடு அடிவாரம் வரை நல்லா இருந்த வண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பாதியிலேயே கொதிக்க ஆரம்பிக்கும்.

பழி இன்ஜின் மேல் விழும். உண்மையான காரணம் பெரும்பாலும் தண்ணீர். சேலம் வட்டாரத்து போர்வெல் தண்ணீர் கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்போம். அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதையிலும் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. கூடவே உள்ளிருந்து உரியும் துரு. நீளமான இன்ஜின் என்பதால் ஃபேனுக்குத் தள்ளி, கடைசியில் இருக்கும் சிலிண்டர்களைச் சுற்றித்தான் சேறு அதிகம் தங்கும்.

தீர்வு: ரேடியேட்டரை கழற்றி ராடு விட்டு சுத்தம் செய்வது, பிளாக்கில் இருக்கும் வடிகால் பிளக்கைத் திறந்து சேற்றை வெளியேற்றுவது, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, ஹோஸ் பைப் மூன்றையும் பார்ப்பது. அதன் பிறகு டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை கழற்றி எறிவது நம் ஊரில் வழக்கம். அது தீர்வு இல்லை. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும்.

இன்னொரு எச்சரிக்கை: கொதித்து நிற்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு பிளாக்கும் ஹெட்டும் அந்த அதிர்ச்சியில் விரிசல் விட்டுவிடலாம். அரை மணி நேரம் ஆறவிட்டு, மூடியைத் துணி வைத்து மெதுவாகத் திறக்க வேண்டும்.

2. ஹெட் கேஸ்கட்

ஹீட் ஆனதைக் கவனிக்காமல் ஓட்டினால் அடுத்து வருவது இது. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே நீளமான ஹெட். போல்ட்டுகளை நடுவில் இருந்து இரண்டு பக்கமும், டார்க் ரெஞ்ச் வைத்து, படிப்படியாக முறுக்க வேண்டும். கைக்கணக்கில் முறுக்கினால் ஓரிடத்தில் அழுத்தம் குறைந்து கேஸ்கட் அங்கே ஊதிவிடும்.

அறிகுறிகள்: ஆயில் டீ போல வெளுத்திருப்பது, சைலன்சரில் நிற்காமல் வரும் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து மிஸ் அடிப்பது.

3. கார்புரேட்டரும் பெட்ரோல் லைனும்

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டர் ஜெட்டுகளில் பிசின் போலப் படியும். டேங்க் துருவும் சேர்ந்துகொள்ளும். விளைவு: ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணையும்.

சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை வரும். சூடான இன்ஜின் பக்கத்தில் செல்லும் பெட்ரோல் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் காற்றை மட்டும் இழுக்கும். இதற்கு 'வேப்பர் லாக்' என்று பெயர். சிக்னலில் நின்ற வண்டி அப்படியே அணைந்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து தள்ளி வைத்து, சூடு தடுக்கும் உறை போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் அடித்தால், வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காலி செய்துவிடும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

4. பாயிண்ட், கன்டென்சர்

எலெக்ட்ரானிக் இக்னிஷன் வருவதற்கு முந்தைய காலத்து இன்ஜின் இது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்து மூடும்போதுதான் பிளக்கில் தீப்பொறி வரும். பாயிண்ட் கருகினாலோ, இடைவெளி மாறினாலோ, கன்டென்சர் போனாலோ வண்டி இழுக்காது. மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் மழை நாளில் ஸ்டார்ட்டே ஆகாது.

ஒரு சின்ன விஷயம்: டீசல் லாரி இன்ஜினில் இந்த வேலையே கிடையாது என்பதால், பல நல்ல லாரி மெக்கானிக்குகளுக்குக்கூட இதில் பழக்கம் இருக்காது. பிளக் வயர்களை 1-5-3-6-2-4 வரிசையில் மாட்டாமல் இடம் மாற்றி மாட்டிவிட்டால் கார்புரேட்டர் வழியாகவே வெடிக்கும். அம்பாசடர், பழைய பிரீமியர் பத்மினி வேலை பார்த்த மூத்த மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிட வேண்டாம்.

5. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு

ஆறு சிலிண்டருக்கும் நீளமான மேனிஃபோல்டு என்பதால், சூட்டில் அது விரிந்து சுருங்கும் அளவும் அதிகம். நாளடைவில் கேஸ்கட் ஊதும், ஸ்டட் உடையும், வார்ப்பில் விரிசல் விழும். 'டிக் டிக்' என்று டேப்பட் சத்தம் போலவே கேட்கும். சூடானதும் சத்தம் குறைந்தால் மேனிஃபோல்டு கசிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

6. ஆயில் கசிவு

டேப்பட் கவர், சைடு கவர், ஆயில் பேன், பின்பக்க ஆயில் சீல் என்று கசிய இடங்கள் பல. தரையில் ஒன்றிரண்டு சொட்டு என்றால் பயப்பட வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருந்து தொடர்ந்து ஒழுகினால் அது பெரிய வேலை. கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்றைய பெட்ரோல் இந்த இன்ஜினுக்கு ஒத்துக்குமா?

முழுசாக ஒத்துக்காது. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஈயம். ஜோங்கா வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே ஒரு பாதுகாப்புப் படலம் போல வேலை செய்தது. மக்களின் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் 2000-ம் ஆண்டில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. சரியான முடிவுதான். ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில், அதிக சூட்டிலும் அதிக சுற்றிலும் ஓடினால், எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை மெல்ல மெல்லத் தேய ஆரம்பித்தது. டேப்பட் இடைவெளியை செட் செய்தும் அது அடிக்கடி குறைந்துகொண்டே போனால் இதுதான் காரணம். ஹெட்டை இறக்கும்போது லேத்தில் கடினமான சீட் வளையம் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது, எத்தனால். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள்தான் இதற்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் சீல்கள் எத்தனால் பட்டு ஊறி, விரிந்து, பிளக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும். சூடான இன்ஜின் மேல் பிளந்த பெட்ரோல் ஹோஸ் என்பது நேராக தீ விபத்து. எனவே பழைய ஜோங்கா வாங்கியதும் முதல் செலவு பெயின்ட் இல்லை. எத்தனால் தாங்கும் புதிய பெட்ரோல் ஹோஸ்களும் சீல்களும்தான். இ20 பெட்ரோலில் கலவை மெலிவதால் கார்புரேட்டரையும் அதற்குத் தகுந்தபடி டியூன் செய்ய வேண்டும்.

வாங்கும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

- இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.
- ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துருச் சேறும் எண்ணெய்ப் படலமும் இருக்கக் கூடாது.
- புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நிற்காத வெள்ளை என்றால் உள்ளே தண்ணீர் போகிறது.
- ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வு அல்லது ரிங். பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைந்தால் ஹெட் கேஸ்கட்.
- குறைந்தது 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து 10 நிமிடம் ஐடிலில் விடுங்கள். டெம்பரேச்சர் ஏறுகிறதா, ஆயில் பிரஷர் விழுகிறதா என்று கவனியுங்கள்.
- ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள் மூன்றும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் பலரும் கோட்டைவிடும் இடம்.

டீசல் இன்ஜின் மாற்றலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பெட்ரோல் செலவுக்குப் பயந்து பல ஜோங்காக்களில் ஏற்கெனவே டீசல் இன்ஜின் ஏற்றப்பட்டிருக்கிறது. நம் பக்கம் அதற்கான கைத்திறனும் இருக்கிறது. ஆனால் கைத்திறன் வேறு, அனுமதி வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. சட்டம் இடம் கொடுக்கும் மாற்றங்களுக்கும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். இந்த விதியை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்று இருக்கும் வண்டி விபத்தில் சிக்கினால், அந்த முரண்பாட்டைக் காட்டி இழப்பீட்டை நிறுவனம் மறுக்க வாய்ப்பு இருக்கிறது. எதிரில் வந்தவருக்கு அடிபட்டிருந்தால் அந்தச் சுமை கடைசியில் உரிமையாளரின் தலையில் வந்து விடியலாம்.

ஆகவே டீசல் மாற்றிய ஜோங்காவை வாங்குவதாக இருந்தால் ஒரே கேள்வி: அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பது பதில் இல்லை.

ராணுவப் பச்சை அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். ஏலத்தில் வாங்கிய ஜோங்காவாக இருந்தாலும், தனியார் பெயரில் பதிவானபின் வேறு நிறத்துக்கு மாற்ற வேண்டும். அந்த நிறம் ஆர்.சி.யிலும் இருக்க வேண்டும்.

பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் மறக்க வேண்டாம். சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு 15 ஆண்டு முடிந்ததும், 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, 20 ஆண்டைத் தாண்டிய கார், ஜீப் போன்ற இலகுரக வண்டிகளுக்கு இதற்கான கட்டணம் 10,000 ரூபாய். 1999-லேயே தயாரிப்பு நின்றுவிட்டதால் எல்லா ஜோங்காவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

50 வயது ஆனால் 'விண்டேஜ்' ஆகுமா?

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகள் இதற்கு விண்ணப்பிக்கலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். கண்காட்சி, பழைய கார் பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். தினசரி பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

இதில் ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. வண்டி அதன் அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது, 1970-களின் ஜோங்காவில் இருந்து நிசான் இன்ஜினை எடுத்து பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால், அந்தத் தகுதியும் அதோடு போச்சு. ராணுவத்தில் இருந்து பின்னாளில் ஏலம் போன வண்டிகளுக்கு 'முதல் பதிவு' எந்தத் தேதியில் இருந்து கணக்கு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

சரி, கடைசியில் என்ன முடிவு?

மேலே உள்ள பிரச்சினைப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். உப்புத் தண்ணீர், அடைத்த ரேடியேட்டர், பிளந்த ரப்பர், கருகிய பாயிண்ட், கைக்கணக்கில் முறுக்கிய ஹெட் போல்ட். இவற்றில் எதுவும் இன்ஜின் வடிவமைப்பில் உள்ள குறை இல்லை. எல்லாம் வயதும் பராமரிப்பும் சம்பந்தப்பட்டவை. உண்மையிலேயே அதன் குறை என்றால் ஒன்றுதான்: பெட்ரோல் குடிக்கும். அதை எந்த டியூனிங்கும் மாற்றாது.

எனவே முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஓட்டவா, எப்போதாவது ஓட்டவா? தினமும் என்றால் ஜோங்கா வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு ஜீப் பார்க்கலாம். எப்போதாவது என்றால், இன்ஜினை மாற்றுவதற்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியை ரேடியேட்டர், ஹோஸ், கார்புரேட்டர், பாயிண்ட், ஹெட் வேலைக்குச் செலவழித்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் ராணுவத்தைச் சுமந்த இன்ஜின், நல்ல தண்ணீரும் சுத்தமான தீப்பொறியும் கிடைத்தால் ஏற்காட்டுக்கு ஏறாமல் எங்கே போகப்போகிறது?